மாதோட்டத்துக்குப் போகிறவர்கள் குளக்கட்டில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையில் இருந்து அம்மாவுடன் வருகிறேன். நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கிறது. தேவாரத்தில் வருகிற மாதோட்டத் துறைமுகத்தைப் பார்க்க ஆசை. சொந்த வாகனம் இல்லை. 'அங்கே கோயிலைத் தவிர ஒன்றும் இல்லை, வீண் அலைச்சல்' என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். போகலாமா? எப்படிப் போவது?"

கட்டாயம் போங்கள். ஒரு நாள் தாராளமாகப் போதும், பஸ்ஸிலேயே போய் வரலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சொந்தக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அனுராதபுரத்தில் போல வானளாவிய தாதுகோபமோ, வரிசை வரிசையான கல்தூண்களோ அங்கே இல்லை. மன்னாருக்குப் பக்கத்தில் திருக்கேதீச்சரக் கோயில், அதைச் சுற்றி மேடு பள்ளமான நிலம், பற்றை, பனை, ஒரு நீர்நிலை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால் சாமி கும்பிட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடுவீர்கள். வன்னியில் பலருக்கும் நடப்பது அதுதான். ஆயிரம் வருடத்துக்கு மேல் கப்பல் வந்து போன ஒரு நகரத்தின் மேல் நடந்துவிட்டு, நடந்தது தெரியாமலே வருகிறார்கள்.

என் யோசனை, நேரே கோயிலுக்குப் போகாமல் கட்டுக்கரைக் குளத்தில் இருந்து தொடங்குங்கள். துறைமுகம் தனியாக நின்ற ஒன்றல்ல. கப்பலில் வந்தவனுக்குச் சோறு வேண்டும், அந்தச் சோற்றுக்கு வயல் வேண்டும், மழை குறைந்த மன்னாரில் வயலுக்குக் குளம் வேண்டும். குளத்தைப் பார்த்துவிட்டுக் கடலை நோக்கிப் போனால், அந்த வறண்ட கரையில் ஒரு பெருநகரம் எப்படி நின்றது என்பது தானாக விளங்கும். வசதியாக வவுனியா–மன்னார் பஸ் போவதும் அதே வரிசையில்தான்.

சரி, வழிக்கு வருவோம். வவுனியா பஸ் நிலையத்தில் மன்னார் பஸ் விடியக்காலையிலேயே கிடைக்கும், அரசின் இ.போ.ச.வும் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) ஓடுகிறது, தனியாரும் ஓடுகிறது. ஆறு மணியை ஒட்டிக் கிளம்பப் பாருங்கள். பூவரசங்குளம் தாண்டி, பறயனாலங்குளத்தில் மதவாச்சியில் இருந்து வரும் ஏ-14 வீதியில் ஏறி, மடுச்சந்தி, முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி என்று மன்னார் போய்ச் சேரும். மொத்தம் இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகும். ஏறும்போதே நடத்துநரிடம் "முருங்கன்" என்று சொல்லி டிக்கட் எடுங்கள்.

ரயிலைப் பற்றியும் யோசிப்பீர்கள். தலைமன்னார்ப் பாதையில் மாதோட்டம், திருக்கேதீச்சரம் என்ற பெயர்களிலேயே நிலையங்கள் உண்டு. போரால் 1990இல் நின்றுபோன அந்தப் பாதை, 2013இல் மடுவீதி வரையும் 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் மறுபடி திறந்தது. ஆனால் அது மதவாச்சியில் இருந்து பிரியும் பாதை. வவுனியாவில் இருப்பவர் தெற்கே போய், மாறி, காத்திருந்து ஏறுவதற்குள் பஸ் மன்னாருக்குப் போய்விடும். கொழும்பில் இருந்து நேரே வருகிறவர்களுக்குத்தான் ரயில் சரி. அவர்களும் அந்த வாரம் ஓடுகிறதா என்று நிலையத்தில் விசாரித்துவிட்டு ஏறவேண்டும்.

முருங்கனில் இறங்கி ஒரு ஓட்டோ பிடியுங்கள். கட்டுக்கரைக் குளக்கட்டுக்குப் போய், நின்று, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு என்று முதலே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தேநீரும் அங்கேயே குடித்துவிடலாம்.

குளக்கட்டில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது அகலம். மறுகரை சரியாகத் தெரியாது. ஆழமான குளம் இல்லை, பரந்து கிடக்கும் குளம். செத்த மரங்களின் கொப்புகளில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டு இருக்கும். கட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் தானாக வந்து சேர்வதில்லை. அனுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிற அருவியாற்றை, அதாவது சிங்களத்தில் மல்வத்து ஓயா என்கிற ஆற்றை, தேக்கம் என்ற இடத்தில் மறித்துக் கால்வாயில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் காலத்து வேலை என்பது பொதுவான கருத்து. பிறகு தூர்ந்து கிடந்ததைப் பிரித்தானியர் காலத்தில் திருத்தினார்கள். இன்றும் மன்னாரின் நெல்லுக்கு இதுதான் உயிர்.

ஆனால் குளத்துக்கும் முந்தியே அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் தலைமையில் கட்டுக்கரைப் பக்கம் அகழ்வாய்வு நடந்தது. ஆதி இரும்புக்காலக் குடியிருப்பின் தடயங்களும், சுட்ட மண்ணில் செய்த உருவங்களும் விளக்குகளும், வழிபாட்டுச் சின்னங்களும் ஏராளமாக வந்தன. அவற்றில் ஒரு பகுதியை ஐயனார் வழிபாட்டோடு சேர்த்து அவர் விளக்கினார். வன்னிக்காரருக்கு இது உடனே விளங்கும். எங்கள் பக்கம் குளம் என்றால் கட்டில் ஒரு ஐயனார் இருப்பார். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், காய்ந்த மாலை, பொங்கல் வைத்த கரி. முதல் வெட்டு வெட்டுவதற்கு முன்னும், தண்ணீர் திறப்பதற்கு முன்னும் அவரைக் கேட்காமல் செய்வதில்லை. கட்டு வழியே போகும்போது அப்படி ஒரு இடத்தைக் கண்டால் செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஒரு மணித்தியாலம் குளத்துக்குப் போதும். திரும்ப முருங்கன் வந்து மன்னார் பஸ் பிடித்துப் பட்டினத்துக்கே போய்விடுங்கள். "கோயிலைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதா" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், கோயிலடியில் நம்பிச் சாப்பிடக் கடையும் இல்லை. மற்றது, நடுவெயிலில் மாந்தை மேட்டில், அதாவது பழைய மாதோட்டம் இருந்த மேட்டில், ஒன்றும் தெரியாது. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தோன்றும். மூன்றரை மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்தால்தான் பழைய அகழியின் பள்ளம் நிழலாக விழுந்து காட்டிக்கொடுக்கும். தொல்லியல் மேடு எதைப் பார்க்கப் போனாலும் காலையிலோ மாலையிலோ போகவேண்டும்.

ஆகவே மத்தியானத்தை மன்னாரில் கழியுங்கள். தள்ளாடியில் இருந்து மன்னார்த் தீவுப் பாலத்துக்குப் போகும் வழியின் இருபுறமும் கடல்நீர் தேங்கிய வெளி. மாரி முடிந்த மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். பட்டினத்தில் நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்த கோட்டை பாலத்தடியிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) பாருங்கள். ஆபிரிக்காவுக்கு உரிய அந்த மரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்கள் என்று சொல்வது வழக்கம். உயரம் குறைவு, அடி பருமன் சொல்லி மாளாது.

பின்னேரம் ஓட்டோவில் மாந்தைக்குப் போங்கள். மன்னாரில் இருந்து பத்துக் கிலோமீற்றர் அளவுதான். பாலம் கடந்து தள்ளாடியில் யாழ்ப்பாண வீதியில் திரும்பினால் கொஞ்சத் தூரத்தில் கோயிலுக்குப் போகும் வழி வரும். இங்கேயும் ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சாலையில் ஒன்றும் கிடைக்காமல் அம்மாவோடு நிற்கக்கூடாது.

இனி, என்ன பார்ப்பது?

இந்த இடம் ஏன் துறைமுகமானது என்பதை வரைபடத்தை விரித்தால் பார்க்கலாம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணை. நடுவில் மன்னார்த் தீவும் இராமர் அணையும் மறித்துக்கொண்டு கிடக்கின்றன. பெரிய மரக்கலம் அதைத் தாண்ட முடியாது. மேற்கே இருந்து வந்த சரக்கும் கிழக்கே இருந்து வந்த சரக்கும் இங்கே இறங்கி, மாறி ஏறியது. பின்னால் அனுராதபுரம், எதிரே பாண்டி நாடு. பாளி நூல்கள் மகாதித்த என்று சொல்வதும் தேவாரம் மாதோட்டம் என்று சொல்வதும் இந்த ஒரே இடத்தைத்தான்.

கோயிலைச் சூழ்ந்த மேடு குதிரை லாடம் போல வளைந்தது. அதைச் சுற்றி இரட்டை அகழி. இப்போது அகழி என்றால் நீர் நிறைந்த கால்வாயை எதிர்பார்க்காதீர்கள். தூர்ந்து, ஆழமற்ற பள்ளமாக, புல் நிறம் மாறிக் கிடக்கும். மேட்டில் நின்று வெளிப்பக்கம் பார்த்தால் நிலம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்குவது தெரியும். அந்த ஏற்ற இறக்கம்தான் நகரத்தின் எல்லை.

பிறகு குனிந்து பாருங்கள். மழை அரித்த பாதை ஓரத்தில், மண் வெட்டுப்பட்ட இடங்களில், ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். பெரும்பாலானவை வீட்டுச் சட்டி பானை: சிவப்பு, உட்புறம் கருப்பு, வாய் விளிம்பு வெளியே மடிந்தது. செங்கல் துண்டு, அறுத்த சங்கு, கசடு. கண் பழகினால் விரல் நகம் அளவில் நீலப்பச்சை மினுக்கம் உள்ள ஒரு துண்டு தென்படலாம். அது உள்ளூர்ச் சூளையில் வந்ததல்ல, பாரசீக வளைகுடாப் பக்கத்தில் இருந்து கப்பலேறி வந்த சாடியின் துண்டு. சாம்பல் பச்சையில் வழுவழுப்பாக இருந்தால் சீனத்துப் பாண்டம். கடுகளவு கண்ணாடி மணிகளும் இந்த மண்ணில் உண்டு, இங்கேயே மணி செய்ததற்கும் தடயம் இருக்கிறது.

பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் ஒரு துண்டையும் சட்டைப்பையில் போடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் பெரிய வில்லங்கம். சட்டத்தை விடுங்கள். ஒரு ஓட்டுத் துண்டின் பெறுமதி அது எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் இருக்கிறது. இதற்கு மாந்தையே நல்ல சாட்சி. 2009–10இல் இங்கே தோண்டியபோது மண்ணைச் சலித்து, நீரில் மிதக்கவிட்டு, கருகிய தானியங்களை எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு கராம்பு கிடைத்தது. கராம்பு அந்தக் காலத்தில் விளைந்தது கிழக்கு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். கூடவே மிளகும் நிறைய நெல்லும் வந்தன. கராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். அந்த அடுக்கை யாராவது மண்வெட்டியால் கிளறியிருந்தால், மலுக்குத் தீவில் இருந்து மன்னாருக்கு வந்த அந்தப் பயணத்துக்கு அத்தாட்சியே இருந்திராது.

இந்த மேட்டைத் தோண்டிய கதை நீளமானது. 1887இலேயே மன்னாரில் அதிகாரியாக இருந்த போக் என்பவர் இங்கே தோண்டி எழுதியிருக்கிறார். முறையான பெரிய அகழ்வு 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தொடங்கியது. கீழே கல்லாயுதக் கால மக்களின் சிறு கற்கருவிகள், அதற்கு மேலே கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் தொடங்கும் நகரம், அதற்கு மேலே உலகமே வந்து போன காலம் என்று அடுக்கடுக்காக வந்தது. சாசானியப் பாரசீகத்து முத்திரை பதித்த களிமண் துண்டு கூடக் கிடைத்தது. போரால் 1984இல் வேலை நின்றது. அதன் அறிக்கை புத்தகமாக வந்தது 2013இல்தான். மேட்டின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இங்கே வருடா வருடம் நின்று முறையாகத் தோண்டிப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இது யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடிப்பவர்களுக்கு இந்த மண்ணே பதில் வைத்திருக்கிறது. தமிழர், சிங்களவர், அரபியர், பாரசீகர் எல்லோருடைய சுவடும் ஒன்றின் மேல் ஒன்றாக அதில் கிடக்கிறது.

அப்புறம் கோயில். நடை திறந்ததும் கோயிலின் தீர்த்தமான பாலாவியில் கால் நனைத்துவிட்டு உள்ளே போங்கள். ஞானசம்பந்தரும் சுந்தரரும் கடல் கடந்து வராமல் இராமேஸ்வரத்தில் நின்றே இந்தத் தலத்தைப் பாடினார்கள் என்பது மரபு. மரக்கலங்கள் மலிந்த கடல் உடைய மாதோட்டம் என்றும், பாலாவியின் கரை என்றும் சுந்தரர் பாடுகிறார். அகழியைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பதிகத்தை அம்மாவைப் பாடச் சொல்லிக் கேளுங்கள், பாட்டு வேறு மாதிரி இருக்கும். சோழர் காலத்தில் இந்த ஊருக்கு இராசராசபுரம் என்றும் பெயர் இருந்தது. தாழி குமரன் என்பவன் இங்கே இராசராச ஈச்சரம் என்று ஒரு கோயிலும் எடுப்பித்தான். அந்தச் செய்தி உள்ள கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கொழும்பு வழியாக ஊர் திரும்பினால் தேடிப் பாருங்கள்.

பழைய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று ஊரில் சொல்வார்கள். மறுபடி கட்ட வேண்டும் என்று 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். காடாகக் கிடந்த நிலத்தை 1893இல் ஏலத்தில் வாங்கினார்கள். அடுத்த வருடம் காட்டை வெட்டும்போது பழைய இலிங்கம் வெளிப்பட்டது. 1990க்குப் பிறகு பல வருடம் அந்தப் பகுதி இராணுவத்தின் கையில் இருந்தது, கும்பிடப் போகவே வழி இல்லை. இப்போது நீங்கள் பார்க்கப் போவது இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லால் எழுப்பி, 2022இல் குடமுழுக்குச் செய்த புதிய கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி கொண்டுபோனால் நல்லது. உள்ளே படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தத்தை எடுத்துவந்து அடியார்கள் தங்கள் கையாலேயே இலிங்கத்துக்கு ஊற்றுவார்கள். அது பெரும் பாக்கியம், ஆனால் தொல்லியல் பார்க்கிற நாள் அல்ல. அன்று கால் வைக்க இடம் இருக்காது.

மாந்தையில் ஒரு மாதா கோயிலும் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தைக் குடும்பங்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இன்று மடுத் திருத்தலத்தில் இருப்பது அந்தச் சொரூபம்தான். பஸ்ஸில் மடுச்சந்தியைக் கடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட அது எண்பதுக்கு மேற்பட்ட உடல்களின் புதைகுழியாக இருந்தது. அந்த வழக்கு ஊர் மக்களுக்கு இன்னும் ஆறாத காயம். ஓட்டோக்காரரோ கோயிலடி ஆட்களோ தாங்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம். பற்றைக்குள் இறங்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். இந்தப் பக்கம் நிறைய மிதிவெடி விதைத்துக் கிடந்த நிலம். பெரும்பாலும் அகற்றிவிட்டார்கள், ஆனாலும் எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

காலம் என்று கேட்டால் சனவரி முதல் மார்ச் வரை. குளம் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், பறவைகளும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கல்யாணம் என்றால் குடையோடு பழைய செருப்பும் கொண்டுவாருங்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களி நனைந்தால் அடியில் ஒட்டிக்கொண்டு காலைத் தூக்க விடாது. ஆனி, ஆடி, ஆவணியில் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், வெயிலும் கடுமை. எந்த மாதம் போனாலும் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், அம்மாவுக்கு ஒரு தொப்பி.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களுக்கு ஏ-32 வீதி இன்னும் நல்லது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்ததில் இருந்து பூநகரி, வெள்ளாங்குளம், விடத்தல்தீவு வழியாக மன்னார் பஸ் நேரே வருகிறது, மாந்தையடியிலேயே இறங்கிவிடலாம். பூநகரிக் கோட்டை வழியிலேயே இருக்கிறது. இரண்டாவது நாள் கிடைக்கிறவர்கள் தெற்கே அரிப்புக்குப் போகலாம். முத்துக் குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அங்கே கடற்கரைப் பாறை விளிம்பில் நிற்கிறது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுத்திக்கொண்டு இருக்கிறது, ஆகவே பிந்தாமல் பாருங்கள்.

திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மன்னாரில் இருந்து வவுனியாவுக்கு இருட்டின பிறகு பஸ் குறைந்துவிடும், ஞாயிறிலும் போயா நாளிலும் (பௌர்ணமி விடுமுறை) இன்னும் குறைவு. மாந்தையில் ஐந்தரைக்கு ஓட்டோவில் ஏறினால் தள்ளாடிச் சந்தியில் நின்று ஏறலாம். ஆனால் அம்மா இருப்பதால் மன்னார் நிலையத்துக்கே போய், இருக்கை பிடித்து வாருங்கள்.